ஒரு குளிர்காலத்துக்கு எத்தனை ஜார்? பிரெஸ்டோ 23 குவார்ட் பிரஷர் கேனர்

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தோட்டத்தில் விளைந்ததைக் கண்ணாடி ஜாரில் அடைத்து வருஷம் முழுக்கச் சாப்பிடும் வீட்டுக்கு, கொடுக்கிற காசுக்கு இதைவிட நல்ல பாத்திரம் கிடையாது. ஆனால் பெட்டியோடு வரும் வெயிட்டை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. தனியாக விற்கும் மூன்று துண்டு வெயிட்டையும் அன்றைக்கே சேர்த்து வாங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஜூலை மாதச் சமையலறையில் மணிக்கணக்காக அழுத்தம் காட்டும் டயலின் முள்ளைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியிருக்கும். ஏன் என்று பின்னால் வருகிறது.

இது குக்கர் இல்லை. நம் வீட்டு அடுப்பில் இருக்கும் ஐந்து லிட்டர் குக்கரை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது. குவார்ட் அளவு ஜார் (ஒரு குவார்ட் லிட்டருக்குச் சற்றுக் குறைவு) குறைந்தது நான்காவது நிற்காத பாத்திரத்தை, ஜாரில் அடைத்துப் பதப்படுத்தும் கேனிங்குக்கு அமெரிக்க வேளாண் துறை ஏற்பதில்லை. சின்னக் குக்கர் சீக்கிரம் சூடேறிச் சீக்கிரம் ஆறிவிடும். கேனிங்குக்குச் சொல்லப்பட்ட நிமிடக் கணக்கில், பெரிய பாத்திரம் மெதுவாகச் சூடேறுவதும் மெதுவாக ஆறுவதும் சேர்ந்தே இருக்கின்றன. பொத்தான் அழுத்தும் மின்சாரக் குக்கர்களுக்கும் அதே பதில்தான். இங்கே விசிலை எண்ணுவதில்லை, நிமிடத்தை எண்ணுகிறோம்.

யாருக்கான பாத்திரம் இது என்று தெரிந்தால்தான் அதன் அளவு புரியும். ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி, இரண்டு கரோலினாக்கள், டென்னசி என்று நீளும் அமெரிக்கத் தென்மாநிலங்களில் பருத்தி கோலோச்சிய காலத்தில், விளைச்சலில் பங்கு கொடுத்து உழுத குடும்பங்களின் வீட்டு வாசல் வரை பருத்திதான் நின்றது. காய்கறித் தோட்டத்துக்கு இடம் மிச்சமில்லை. குளிர்காலச் சாப்பாடு உப்பிட்ட பன்றிக் கொழுப்பு, மக்காச்சோள மாவு, கரும்புப் பாகு, அவ்வளவுதான். வசந்தம் வரும்போது தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி பேதலிக்கும் பெல்லாக்ரா நோயும் கூடவே வந்தது. 1914 முதல் அதை ஆராய்ந்த மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர், அது தொற்று அல்ல, உணவுக் குறை என்று நிறுவினார். விட்டுப்போன சத்து நியாசின் என்று 1937இல்தான் தெரிந்தது. கோடையில் விளைந்த காயையும் பயறையும், டிசம்பரில் அறுத்த பன்றியின் இறைச்சியையும் மார்ச் மாதம் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் வழி ஒரு வீட்டுக்குத் தெரிந்திருப்பது அங்கே உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாக இருந்தது.

அந்த வழியைக் கற்றுக்கொடுத்ததில் பெண்களின் பங்கு பெரிது. 1910இல் தென் கரோலினாவின் ஏக்கன் மாவட்டத்தில் மேரி குரோமர் என்ற ஆசிரியை பெண் பிள்ளைகளுக்காக ஒரு தக்காளிச் சங்கம் தொடங்கினார். ஆளுக்குப் பத்தில் ஒரு பங்கு ஏக்கர். விளைந்ததை டப்பாவில் அடைத்து விற்றால் வரும் காசு அந்தப் பெண்ணுக்கே. 1914இன் ஸ்மித்-லீவர் சட்டம் இந்த வேலையை ‘எக்ஸ்டென்ஷன்’ (வேளாண் விரிவாக்கம்) என்ற நிரந்தர அரசுச் சேவையாக்கியது. தெற்கில் அதுவும் கறுப்பர்க்குத் தனி, வெள்ளையர்க்குத் தனி என்று பிரிந்தே நடந்தது. பிறகு 1930களின் கடைசியில் பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகம் ஏழைக் குடும்பங்களுக்குக் கோவேறு கழுதைக்கும் விதைக்கும் கடன் கொடுத்தபோது, பிரஷர் குக்கருக்கும் (கேனரை அன்று அப்படித்தான் சொன்னார்கள்) சேர்த்துக் கொடுத்தது. ஜார்ஜியாவின் கிரீன் மாவட்டத்து மக்கள் வாயில் ‘பிரஷர்’ மருவி ‘பிரெஷியஸ்’ ஆனது. விலைமதிப்பற்ற குக்கர் என்று பொருள். அந்தப் பெயரில் மிகை எதுவும் இல்லை.

இனி இன்றைய கணக்கு. ஐந்து பேர் உள்ள பண்ணைக் குடும்பம், நவம்பர் முதல் ஏப்ரல் வரை 26 வாரம், வாரத்துக்கு மூன்று குவார்ட் பீன்ஸ் திறக்கிறது என்று வையுங்கள். 78 குவார்ட் வேண்டும்.  ஒரு குவார்ட்டுக்குச் சராசரியாக இரண்டு பவுண்டு பச்சை பீன்ஸ் பிடிக்கும். ஆக 156 பவுண்டு. பீன்ஸ் ஒரு புஷல் 30 பவுண்டு. ஐந்து புஷலுக்குக் கொஞ்சம் மேல். பீன்ஸ் மட்டும் இவ்வளவு. இதன் மேல் தக்காளி, வெண்டை, பட்டர் பீன்ஸ், சோளம், சர்க்கரைவள்ளி, கோழி எல்லாம் உண்டு.

23 குவார்ட் கேனரில் ஒரு தடவைக்கு ஏழு குவார்ட் ஜார் நிற்கும். பைன்ட் (அரை குவார்ட்) ஜார் என்றால் நடுவில் ஒரு தட்டு போட்டு இரண்டு அடுக்காக 20 வரை வைக்கலாம். 78 குவார்ட்டுக்குப் பன்னிரண்டு ஈடு. ஓர் ஈடு என்பது 25 நிமிட வேலை என்று நினைத்து ஏமாறுபவர்கள் அதிகம். தண்ணீர் சூடேற 20 முதல் 30 நிமிடம், ஆவி விட 10, அழுத்தம் ஏற 5 முதல் 10, அதற்குப் பிறகுதான் அழுத்தத்தில் வைக்கும் அந்த 25. கடைசியில் தானாக ஆறி அழுத்தம் இறங்க முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். மொத்தம் இரண்டு மணி நேரத்தை ஒட்டி ஆகும். காலையில் பறித்து, பிள்ளைகளும் பாட்டியும் திண்ணையில் உட்கார்ந்து நார் உரித்து ஒடித்துப் போட்டால், ஒரு புஷலை இரண்டு ஈடாக அன்றைக்கே முடித்துவிடலாம். மலைப்பக்கத்தில் பிரியமாக வளர்க்கும் ‘ஹாஃப் ரன்னர்’ பீன்ஸுக்கு நார் கெட்டி. அதற்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

பாத்திரம் கனமான அலுமினியம். மூடியின் மேல் நான்கு விஷயங்கள். நடுவில் ஆவிக்குழல், அதன் மேல்தான் வெயிட் உட்காரும். பக்கத்தில் அழுத்தத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜ். அழுத்தம் ஏறியதும் எழும்பி மூடியைப் பூட்டிக்கொள்ளும் சின்ன உலோக முளை. எல்லாம் தவறினால் தெறித்து ஆவியை வெளியேற்றும் கறுப்பு ரப்பர் பாதுகாப்பு மூடி. உள்விளிம்பைச் சுற்றி கேஸ்கட். அடியில் ஜார்களைத் தாங்கும் தட்டு. அந்தத் தட்டு இல்லாமல் ஜார் அடித்தட்டில் நேரே உட்கார்ந்தால் வெடிக்கும்.

இப்போது அந்த வெயிட் விவகாரம். பச்சை பீன்ஸ், டயலைப் பார்த்துச் செய்தால் கடல்மட்டத்திலிருந்து 2,000 அடி வரை சதுர அங்குலத்துக்கு 11 பவுண்டு அழுத்தம், அதற்கு மேல் 4,000 அடி வரை 12 பவுண்டு. ஆடும் வெயிட்டை வைத்துச் செய்தால் 1,000 அடி வரை 10 பவுண்டு, அதற்கு மேல் 15. பிரெஸ்டோ பெட்டியில் தருவது 15 பவுண்டு வெயிட் ஒன்று மட்டும். 11 பவுண்டில் அது ஆடாது. ஆகவே தெற்கு ஜார்ஜியாவிலோ மிசிசிப்பி டெல்டாவிலோ தாழ்நிலத்தில் இருப்பவர், முள்ளைப் பார்த்துப் பார்த்துத் தீயைக் கூட்டிக் குறைக்க வேண்டும். 15இலேயே ஆடவிட்டால் ஆபத்து எதுவும் இல்லை. காய்தான் தேவைக்கு மேல் குழையும். மூன்று துண்டு வெயிட்டில் அடித்துண்டு 5 பவுண்டு, மேலே மாட்டும் வளையம் ஒவ்வொன்றும் 5. அடித்துண்டும் ஒரு வளையமும் மாட்டினால் 10 பவுண்டில் மெதுவாக ஆட ஆரம்பிக்கும். அடுத்த அறையில் இருந்தாலும் சத்தத்திலேயே தெரிந்துகொள்ளலாம். வட கரோலினாவின் மலை ஊரான பூனில் உயரம் 3,333 அடி. அங்கே இரண்டு வளையமும் மாட்ட வேண்டும். அட்லாண்டாவின் பல பகுதிகள் 1,000 அடியை ஒட்டியோ தாண்டியோ இருக்கின்றன. நம்மவர்கள் நிறையப் பேர் தோட்டம் போடும் வடக்குப் புறநகர்களும் அப்படித்தான். வீட்டு உயரத்தைப் பார்க்காமல் 10 பவுண்டில் செய்துவிடாதீர்கள்.

பீன்ஸுக்கான முறை இது. மேசன் ஜார்களை (தட்டை மூடியும் திருகு வளையமும் தனித்தனியாக உள்ள கண்ணாடி ஜார்) சோப்பில் கழுவிச் சூடாகவே வைத்திருங்கள். பீன்ஸை ஒடித்து ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஜாரில் தளர்வாக நிரப்பி, குவார்ட்டுக்கு ஒரு டீஸ்பூன் உப்பு போடுங்கள். உப்பு ருசிக்குத்தான், கெடாமல் காப்பது அதுவல்ல. கொதிக்கும் நீரை ஊற்றி, மேலே ஓர் அங்குலம் காலியாக விடுங்கள். பிளாஸ்டிக் கரண்டியை ஓரத்தில் விட்டுக் காற்றுக் குமிழியை எடுங்கள். விளிம்பைத் துடைத்துப் புது மூடி வைத்து, வளையத்தை விரல் நுனி பலத்தில் மட்டும் திருகுங்கள். முழுப் பலத்தில் திருகினால் உள்ளே இருக்கும் காற்று வெளியேற முடியாமல் மூடி நெளிந்துவிடும். கேனரில் மூன்று குவார்ட் சுடுநீர், உப்புத்தண்ணீர் ஊராக இருந்தால் இரண்டு மேஜைக்கரண்டி வெள்ளை வினிகர். வினிகர் இல்லாவிட்டால் ஜார் மேல் வெள்ளைப் படலமும் அலுமினியத்தில் கறுப்பும் ஏறும்.

மூடியைப் பூட்டி, வெயிட் வைக்காமல், குழலிலிருந்து ஆவி ஒரே சீராகச் சீறி வரும்வரை சூடாக்குங்கள். அப்படி வர ஆரம்பித்த பிறகு முழுசாகப் பத்து நிமிடம். இதைத்தான் பலர் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். உள்ளே காற்று கலந்திருந்தால் முள் 11ஐக் காட்டும், சூடு மட்டும் 240 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டாது. கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்து கொதிநீரின் 212 டிகிரியைத் தாங்கும். புளிப்பில்லாத காயை அடைத்த ஜாருக்குள் காற்றும் இல்லாதபோது அந்த வித்து முளைத்து நஞ்சு கக்கும். அந்தக் காலத்தில் கொல்லையில் துணி வெளுக்கும் இரும்பு அண்டாவில் ஜாரை வைத்து மூன்று மணி நேரம் விறகு எரித்த வீடுகள் ஏராளம். எத்தனை மணி நேரம் கொதித்தாலும் அது 212தான். பாட்டி அப்படித்தான் செய்தார் என்பது பீன்ஸ் விஷயத்தில் காரணமாகாது.

பத்து நிமிடம் ஆனதும் வெயிட் வையுங்கள். தேவையான அழுத்தம் எட்டிய நொடியிலிருந்து குவார்ட்டுக்கு 25 நிமிடம், பைன்ட்டுக்கு 20. நடுவில் ஒரு தடவை அழுத்தம் கீழே போய்விட்டாலும் நேரத்தை முதலிலிருந்து எண்ண வேண்டும், மிச்சத்தை அல்ல. முடிந்ததும் அடுப்பை அணைத்துவிட்டுத் தொடாதீர்கள். நம் வீடுகளில் குக்கரைக் குழாயடியில் காட்டி ஆற்றும் பழக்கம் உண்டே, அதை இங்கே செய்தால் ஜாருக்குள் இருக்கும் நீர் மொத்தமும் வெளியே பீய்ச்சிவிடும், ஜாரும் வெடிக்கலாம். முள் பூஜ்யத்துக்கு வந்து, பூட்டு முளையும் விழுந்த பிறகு வெயிட்டை எடுத்து, இன்னும் பத்து நிமிடம் பொறுத்து, முகத்துக்கு எதிர்ப்பக்கமாக மூடியைத் திறங்கள். ஜார்களைத் துணி மேல் இடைவெளி விட்டு வைத்து 12 முதல் 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். வளையத்தை மறுபடி இறுக்காதீர்கள். மூடியின் நடு உள்ளே குழிந்திருந்தால் பிடித்துக்கொண்டது. குழியாததை ஃபிரிட்ஜில் வைத்து முதலில் சாப்பிடுங்கள். அல்லது 24 மணி நேரத்துக்குள் புது மூடி போட்டுத் திரும்பவும் முழு நேரம் செய்யுங்கள்.

மற்றவற்றுக்கு நேரம் வேறு. வெண்டைக்காய் பைன்ட் 25, குவார்ட் 40. பட்டர் பீன்ஸ் 40, 50. முழுமணிச் சோளம் 55, 85. எலும்பில்லாக் கோழி 75, 90. சர்க்கரைவள்ளி 65, 90. தக்காளிக்கு எந்த முறையானாலும் குவார்ட்டுக்கு இரண்டு மேஜைக்கரண்டி பாட்டில் எலுமிச்சைச் சாறு கட்டாயம். பழத்தைப் பிழிந்த சாற்றின் புளிப்பு மாறிக்கொண்டே இருக்கும், அதனால்தான் பாட்டில். தெற்கத்திப் பண்ணை வீடுகளின் உயிரான தக்காளி, வெண்டை, சோளம், பயறு சேர்ந்த சூப்புக்கு ஜாரில் பாதி காய், பாதி நீர் என்ற அளவு மாறக் கூடாது. குவார்ட்டுக்கு 75 நிமிடம்.

அடிக்கடி வரும் புகார் ஜாரில் நீர் குறைந்து காய் மேலே தெரிவது. பெரும்பாலும் தீயை ஏற்றி இறக்கி விளையாடியதன் விளைவு. மூடி பிடித்திருந்தால் சாப்பிடலாம், மேல் காய் நிறம் மங்கும், அவ்வளவே. நீர் ஊற்ற என்று திறந்துவிடாதீர்கள். அடுத்த புகார் ஆவி விளிம்பில் கசிவது. கேஸ்கட் காய்ந்திருக்கும் அல்லது நீண்டிருக்கும். அதையும் ரப்பர் பாதுகாப்பு மூடியையும் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவையாவது மாற்றுங்கள். மூடி திருகக் கடினமாக இருந்தால் கேஸ்கட்டில் மெல்லியதாகச் சமையல் எண்ணெய் தடவலாம். ஆவிக்குழலை ஒவ்வொரு தடவையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்.

தெற்கில் கெட்டுப்போகும் கேனர்களுக்குத் தனியாக ஒரு காரணம் உண்டு. வீட்டுக்குள் வெக்கை தாங்காமல், மீன் பொரிக்கும் வெளிப்புற கேஸ் அடுப்பில் கொண்டுபோய் வைப்பது. வெப்பத் திறன் 12,000 பிடியூவுக்கு மேலான அடுப்பில் வைக்கக் கூடாது என்று தயாரிப்பாளரே சொல்கிறார். அந்தத் தீயில் அலுமினிய அடி வளைந்துவிடும். வளைந்த அடி, கண்ணாடி அடுப்பில் ஒரு போதும் சரியாகச் சூடேறாது. இண்டக்‌ஷன் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு இந்த மாடல் உதவாது. அதற்கு எஃகு அடி உள்ள வேறு மாடல் இருக்கிறது.

டயல் கேஜ்தான் இதன் பலவீனம். தண்ணீரில் முக்கக் கூடாது, கீழே போடக் கூடாது, வருஷத்துக்கு ஒரு தடவை சோதிக்க வேண்டும். இரண்டு பவுண்டுக்கு மேல் பிசகினால் மாற்றிவிடுங்கள். சோதிக்க மாவட்ட எக்ஸ்டென்ஷன் அலுவலகத்துக்கு மூடியை மட்டும் எடுத்துப் போனால் போதும். பெரும்பாலான அலுவலகங்களில் உள்ள சோதனைக் கருவி பிரெஸ்டோ வகைக்கானது என்பது இந்தப் பாத்திரத்துக்குச் சாதகம். சீசன் நடுவில் போகாமல் மார்ச், ஏப்ரலில் போய்விடுங்கள். பீன்ஸ் காய்க்கும்போது கேஜ் தவறு என்று தெரிந்தால் புதுசு வரும் வரை செடி காத்திருக்காது.

இதற்கு மாற்று ஆல் அமெரிக்கன் 921. கேஸ்கட் கிடையாது, உலோகத்தோடு உலோகம் பொருந்தும் மூடி, ஆறு திருகுகள், மூன்று அளவிலும் வைக்கக்கூடிய வெயிட் பெட்டியிலேயே வருகிறது. பேரன் பேத்தி வரை உழைக்கும். ஆனால் விலை இரண்டு மடங்குக்கு மேல், நிரப்பித் தூக்க நல்ல பலம் வேண்டும். எதிரெதிர் திருகுகளை ஒரே அளவில் இறுக்கப் பழகவும் வேண்டும். வருஷத்துக்கு 200 குவார்ட் தாண்டும் பண்ணை வீட்டுக்கு அதைச் சொல்வேன். அதற்குக் கீழே பிரெஸ்டோ போதும். வாங்கும் முன் பழகிப் பார்க்க வேண்டுமானால், வர்ஜீனியாவிலும் ஜார்ஜியாவிலும் பொதுக் கேனரிகள் சில இன்னும் கோடையில் திறக்கின்றன. ஜார்ஜியாவில் அவை பள்ளிகளின் வேளாண் பிரிவோடு சேர்ந்தவை. பெரிய ஆவிக் கலன்களில் ஊர் மொத்தமும் வந்து அடைத்துப் போகும்.

நம் சமையலுக்கு ஒரு எச்சரிக்கை. சாம்பார், பருப்பு மசியல், கெட்டிக் குழம்பு எதையும் இதில் அடைக்காதீர்கள். கெட்டியான பண்டத்தின் நடுவரை சூடு போய்ச் சேர எத்தனை நிமிடம் என்று சோதித்த கணக்கு இல்லை. காயை வெறும் நீரில் அடைத்து, திறந்த பிறகு சாம்பாராக்குங்கள். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் இயங்கும் வீட்டு உணவுப் பாதுகாப்புக்கான தேசிய மையம் சோதித்த முறைகளை இலவசமாக வெளியிடுகிறது. அதில் இல்லாததைச் செய்யாமல் இருப்பதே நல்லது.

அடைத்த ஜாரை வளையம் கழற்றி, கழுவி, தேதி எழுதி, இருட்டான குளிர்ந்த அலமாரியில் வையுங்கள். வளையத்தோடு வைத்தால் துரு பிடிக்கும், மூடி விட்டுப்போனதும் தெரியாது. ஒரு வருஷத்துக்குள் தீர்த்துவிடுங்கள். திறந்ததும் ருசி பார்க்காமல் பாத்திரத்தில் ஊற்றிப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள், ஆயிரம் அடிக்கு ஒரு நிமிடம் கூடுதலாக. தெற்கத்தி வீடுகளில் பீன்ஸை உப்பிட்ட பன்றிக் கொழுப்போடு வெகுநேரம் கொதிக்கவிட்டுத்தான் சோள ரொட்டியோடு வைப்பார்கள். இறைச்சி சேர்க்காதவர்கள் வெங்காயமும் மிளகும் போட்டு அதே நேரம் கொதிக்கவிடலாம்.